டீக்கடைக் கேள்வியிலிருந்து வெளிநடை வரை: ஊரில் ஓர் அறிவியல் மாலை நடத்துவது எப்படி

பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கண்காட்சி உண்டு, வினாடி வினா உண்டு, திருச்சி கோளரங்கத்துக்குப் பஸ் உண்டு. படிப்பை முடித்து, வேலைக்குப் போய், நாற்பதைத் தாண்டியவருக்கு இதில் எதுவும் கிடையாது. அவரிடம் கேள்விகள் மட்டும் குறையவில்லை. மேட்டூர் திறந்தால் எத்தனை நாளில் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்? புகையான் பூச்சி ஒரே வாரத்தில் வயலைக் கருக்கிவிடுகிறதே, எங்கிருந்து வருகிறது? பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, நிஜமா? தஞ்சாவூர் டீக்கடை பெஞ்சுகளில் அன்றாடம் அடிபடும் விஷயங்கள்தான் இவை.

மாதம் ஒரு மாலை, விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு இதே கேள்விகளைப் பேச வேண்டும். அடுத்த வாரம் ஒரு காலை, பேசியதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் வெளிநடை. இந்த இரண்டையும் நீங்களே ஏற்பாடு செய்வதற்கான வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது.

முன்னால் போனவர்கள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1998-இல் டங்கன் டல்லாஸ் என்பவர் ஒரு காபிக் கடையில் ‘கஃபே சயன்டிஃபீக்’ கூட்டங்களைத் தொடங்கினார். விஞ்ஞானி ஒருவர் சுமார் 20 நிமிடம் பேசுவார். பிறகு காபி, அதற்குப் பிறகு நேரம் முழுதும் கேட்க வந்தவர்களுக்கு. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 2009 முதல் பிருத்வி தியேட்டரில் ‘சாய் அண்ட் வொய்?’ என்ற பெயரில் இதைச் செய்துவருகிறது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமி மேடையிலேயே ‘சயன்ஸ் அட் தி சபா’ நடத்துகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980-இல் தொடங்கிய அந்த இயக்கம் தெருமுனை நாடகம், கலைப்பயணம் என்று அறிவியலை ஊருக்குள் கொண்டுவந்தது. 1987 முதல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழும் வருகிறது. உங்கள் பகுதியில் அவர்களுடைய கிளை இருந்தால் முதல் கதவாக அதைத் தட்டுங்கள். பேச்சாளர்களையும் தொலைநோக்கி வைத்திருப்பவர்களையும் அவர்களுக்குத் தெரியும்.

முதல் கூட்டத்துக்கு முன்

1. மூன்று பேர் சேருங்கள். ஒருவர் பேச்சாளரைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் இடத்தையும் டீயையும் பார்த்துக்கொள்ள, ஒருவர் கூட்டத்தை நடத்த. மூவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது அவசியம். கூட்டத்துக்குப் பெண்கள் வருவார்களா இல்லையா என்பது பெரும்பாலும் இதிலேயே முடிவாகிவிடும்.

2. கேள்விகளைச் சேகரியுங்கள். பேச்சாளரைத் தேடும் வேலை அதற்குப் பிறகுதான். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு டீக்கடை, நூலகம், உரக்கடை, கோயில் வாசல் என்று ஒரு வாரம் காதைத் திறந்து வையுங்கள். ஊர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்குத்தான் ஆள் வரும்.

3. இடம் பாருங்கள். கிளை நூலகம் நல்ல தேர்வு. அங்கே வாசகர் வட்டம் இருந்தால் அதன் வழியே நூலகரிடம் பேசலாம். டீக்கடை மாடி, பள்ளி வகுப்பறை, பெரிய திண்ணை எதுவும் சரி. கல்யாண மண்டபம் வேண்டாம். 30 பேர் 500 பேருக்கான ஹாலில் உட்கார்ந்தால் யாருக்கும் வாய் திறக்க மனம் வராது. கழிப்பறை இருக்கிறதா, பூட்டாமல் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

4. நாளைக் குறிக்கும்முன் காலண்டரைக் கிழமைக்காக மட்டும் பார்க்காதீர்கள். முகூர்த்த நாள், ஐப்பசி சதய விழா, தை மாதத்துத் திருவையாறு ஆராதனை, நடவு மும்முரம், அறுப்பு மும்முரம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத்தான் நாள் கிடைக்கும். மாலை 5.30-க்குத் தொடங்கி 7.15-க்கு முடித்தால் ஒரத்தநாட்டுக்கும் பாபநாசத்துக்கும் திரும்புகிறவர்களுக்கு பஸ் இருக்கும்.

5. பேச்சாளரை நேரில் போய்ப் பாருங்கள். ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூரில் உணவுப் பதனத் தொழில்நுட்ப நிறுவனம், மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் என்று ஆளுக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்களும் நம் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள்.

6. பட்டம் பெற்றவர் பக்கத்தில் கைப்பழக்கம் உள்ளவர் ஒருவரையும் உட்கார வையுங்கள். ஆற்றைப் பற்றிய பேச்சுக்கு மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வரட்டும். எலியைப் பற்றிய பேச்சுக்குக் கிட்டிப் பொறி வைப்பவர் வரட்டும். இருவருக்கும் ஒரே உயர நாற்காலி, ஒரே மரியாதை. வழிச்செலவு கொடுக்கிறீர்கள் என்றால் இருவருக்கும் ஒரே தொகை. கிட்டி வைப்பவருக்கு அன்றைய கூலி போகும் என்பதை மறக்காதீர்கள்.

குறிப்பு: பேச்சாளரிடம் முன்கூட்டியே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். பேச்சு 20 நிமிடம், திரை இல்லை, கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருளாவது வேண்டும். நெல் என்றால் நாற்று, மண் என்றால் மண், பூச்சி என்றால் பாட்டிலில் பூச்சி.

அந்த மாலை

டெல்டாக் கூட்டங்களின் பெரிய நோய் சம்பிரதாயம். குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று போய், பேச வந்தவர் மைக்கைத் தொடும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். இந்தக் கூட்டத்தில் அவற்றில் ஒன்றுகூட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊர்ப் பெரியவர் வந்தால் வாசலில் நின்று கைகூப்பி அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தால் போதும். அந்த மரியாதையை எல்லாரும் புரிந்துகொள்வார்கள்.

1. 5.30: வட்டமாகவோ அரைவட்டமாகவோ நாற்காலி. மேடை வேண்டாம். வரும்போதே கையில் டீ.
2. 5.40: நடத்துநர் இரண்டு நிமிடத்தில் பேச்சாளரின் பெயரையும் அவர் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். விருதுப் பட்டியல் வேண்டாம்.
3. 5.42: பேச்சு. 18-ஆவது நிமிடத்தில் நடத்துநர் எழுந்து நிற்பார் என்று முன்பே சொல்லி வையுங்கள்.
4. 6.05: பத்து நிமிடம் இடைவேளை. கொண்டுவந்த பொருள் கைமாறட்டும். வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத் துண்டுச்சீட்டு கொடுங்கள்.
5. 6.15 முதல் 7.10 வரை: கேள்விகள்.
6. கடைசி ஐந்து நிமிடம்: வெளிநடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று பெயர் எழுதுங்கள்.

செலவு என்பது டீ, வடை, பேச்சாளரின் வழிச்செலவு, அவ்வளவுதான். வாசலில் ஓர் உண்டியல் வையுங்கள், கணக்கை அடுத்த மாதம் ஒட்டுங்கள். ஆள் பெருகியதும் உரக்கம்பெனியோ கட்சிக்காரரோ பேனர் வைக்க முன்வருவார்கள். ஏற்காதீர்கள். பேனர் ஏறிய அன்றைக்கே பூச்சிமருந்தைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாமல் போகும்.

கேள்வி நேரம்: முழுக் கூட்டமும் இதற்காகத்தான்

நடத்துநர் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் போதும்: “எப்படித் தெரியும்?” பேராசிரியர் சொன்னாலும் கேட்க வேண்டும், பெரியவர் சொன்னாலும் கேட்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொன்னாலும் கேட்க வேண்டும். குரலில் சவால் இருக்கக் கூடாது. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருக்க வேண்டும்.

நல்ல கேள்வி நேரம் இப்படிப் போகும். வயதான விவசாயி ஒருவர் எழுந்து, “தம்பி, மருந்து அடிச்ச வயல்லதான் புகையான் ஜாஸ்தியா வருதுன்னு எங்க அப்பா சொல்வாரு. நெசமா?” என்கிறார். பூச்சியியல் படித்த இளைஞர், “நெசந்தாங்கய்யா. சில மருந்துக்கு மொதல்ல சாவுறது சிலந்தியும் மத்த நல்ல பூச்சியும். தின்ன ஆள் இல்லாததால புகையான் பெருகிடுது” என்கிறார். நடத்துநர் உடனே, “அது எப்படித் தெரிஞ்சுதுங்க சார்?” என்று கேட்க வேண்டும். அப்போதுதான் மருந்து அடித்த பாத்தியையும் அடிக்காத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்த கதை வெளியே வரும். வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது அந்தக் கதையைத்தான்.

குறிப்பு: “நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும்” என்று ஒருவர் ஆரம்பிப்பார், “எல்லாம் மூடநம்பிக்கை” என்று இன்னொருவர் பாய்வார். இரண்டையும் அப்படியே விடாதீர்கள். “சரிங்க ஐயா, இதை நாம எப்படிப் பார்த்துச் சரிபார்க்கலாம்?” என்று கேட்டு வெளிநடைக்கான வேலையாக மாற்றுங்கள். கீழே வரும் முதல் தலைப்பு அப்படி எடுத்ததுதான்.

முதல் தலைப்பு: பெரிய கோயில் நிழல்

முதல் மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த பேச்சு, செலவில்லாத சோதனை. 1010-இல் கட்டி முடித்த விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர், அடிப்பாகம் சுமார் 30 மீட்டர் சதுரம். நிழல் விழுகிறதா என்று போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் ‘விழுகிறது’ என்று சொல்லி வாதத்தில் ஜெயிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பேச்சு ஏன் எழுந்தது என்பதையும் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

பகுதி அ, வீட்டு மொட்டை மாடியில்:

1. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பிவிசி குழாயை மணல் வாளியில் நிறுத்துங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு வைத்து நான்கு பக்கமும் செங்குத்தா என்று பாருங்கள். ஆரம்பக்காரர்கள் தவறுவது இங்கேதான்.
2. பகல் 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள், நேரத்தை எழுதுங்கள்.
3. நிழல் மிகக் குறுகும் நேரம்தான் உங்கள் ஊரின் உச்சிப் பொழுது. தஞ்சாவூரில் அது கடிகாரத்தின் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே 79 டிகிரியில் இருப்பதால் ஏப்ரலில் 12.13 வாக்கில்தான் உச்சி.
4. இதை ஏப்ரல் 18-ஐ ஒட்டியோ ஆகஸ்ட் 24, 25-ஐ ஒட்டியோ செய்தால் உச்சிப் பொழுதில் குழாயின் நிழல் காலடியில் மறைந்துபோகும். சூரியன் அப்போது நேர் தலைக்கு மேல். வருடத்தில் இரண்டு முறை இது நடக்கும்.

பகுதி ஆ, கோயிலில், காலை 8 முதல் 10 மணிக்குள்:

1. இந்த நேரத்தில் விமானத்தின் நிழல் மேற்குப் பிராகாரத்தில் நீண்டு கிடக்கும். விழாது என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.
2. அதே குழாயை நிறுத்தி அதன் நிழலை அளந்துகொள்ளுங்கள். உடனே கலசத்தின் நிழல் நுனிக்கும் விமானச் சுவருக்கும் இடையே நாடாவைப் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே நேரம் கடத்தாதீர்கள். சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கிறது.
3. சுவரிலிருந்து அளந்த தூரத்தோடு 15 மீட்டரைக் கூட்டுங்கள். கலசம் நிற்பது கட்டடத்தின் நடுவில். நிழல் தூரத்தையும் அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும்.
4. கூட்டி வந்ததைக் குழாய் நிழலின் நீளத்தால் வகுத்தால் உயரம்.

எடுத்துக்காட்டாக, ஒரு மீட்டர் குழாயின் நிழல் 0.65 மீட்டர், சுவரிலிருந்து நிழல் நுனி 28 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 28-ஐ 0.65-ஆல் வகுத்தால் 43 மீட்டர் வரும். விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். 15-ஐக் கூட்டி 43-ஐ 0.65-ஆல் வகுத்தால் 66. முதல் கணக்கை யாராவது போடட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். எங்கே தப்பு என்று கூட்டமே தேடிக் கண்டுபிடிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக எந்தப் பேச்சும் இல்லை.

இப்போது பேச்சின் வேருக்கு வரலாம். விமானம் மேலே போகப்போகக் குறுகுகிறது. சூரியன் சுமார் 77 டிகிரிக்கு மேல் இருக்கும்போது கலசத்தின் நிழல் அடிப்பாகத்தைத் தாண்டாது. மார்ச் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை உச்சிப் பொழுதில் தஞ்சாவூரில் சூரியன் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அந்த மாதங்களில் நண்பகலில் வந்து பார்த்தவருக்குச் சிகரத்தின் நிழல் தரையில் தெரிந்திருக்காது. அவர் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார். மார்கழியில் அதே நண்பகலில் வந்திருந்தால், கலசத்தின் நிழல் சண்டிகேசுவரர் சன்னதி இருக்கும் வடக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் தள்ளி விழுவதைப் பார்த்திருப்பார்.

எச்சரிக்கை: ஏப்ரல் நண்பகலில் கோயில் முற்றத்தில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. கல் கொப்புளம் வைத்துவிடும். உச்சிப் பொழுதுச் சோதனை மாடியோடு இருக்கட்டும். கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பது. குழுவாக, நாடாவும் குழாயுமாகப் போவதற்கு முன்பே அங்குள்ள அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பூசை நேரத்தில் வழியை மறிக்காதீர்கள்.

வயலுக்குப் போகும் காலை

டெல்டாவில் இருந்துகொண்டு நெல் வயலுக்குள் இறங்காமல் அறிவியல் பேசுவது பெரிய நஷ்டம். குறுவைக்கு ஆகஸ்ட், சம்பாவுக்குத் தை பிறக்கும் முன் உள்ள வாரங்கள் ஏற்றவை. பயிர் தூர் கட்டி நிற்கும், பூச்சியும் இருக்கும்.

1. வயல்காரரிடம் அனுமதி கேட்கும்போதே, “மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு அண்ணே?” என்று கேளுங்கள். அண்மையில் அடித்த வயல் என்றால் வேறு வயலுக்குப் போங்கள்.
2. காலை 6.30-க்கு வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முன்னால் போகிறவர் கம்பால் தட்டிக்கொண்டே போகட்டும். வரப்பு உடைந்தால் தண்ணீர் போகும். உடைத்தவர் மண் அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.
3. மூலைக்கு மூலையாக நடந்து பத்துக் குத்துகளைத் தேர்ந்தெடுங்கள். குத்தை லேசாகச் சாய்த்து, அடித்தூரை இரண்டு முறை தட்டுங்கள். புகையான் இருந்தால் பழுப்பாக, அரிசிக் குருணை அளவில் தண்ணீரில் விழுந்து துள்ளும். இலை நுனியைப் பார்த்துத் தேடினால் கண்ணில் படாது. அது உட்காருவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே.
4. தூருக்கு எத்தனை பூச்சி, குத்துக்கு எத்தனை சிலந்தி என்று எழுதுங்கள்.
5. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவுகோல் இது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். எண்ணி முடித்ததும், இந்த வயலுக்கு இன்று மருந்து வேண்டுமா என்று வரப்பிலேயே உட்கார்ந்து விவாதியுங்கள். கடைசி வார்த்தை வயல்காரருடையது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் நான்கைந்து போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பொருளை அருகில் கொண்டுவர வேண்டும். பலரும் லென்ஸைக் கைநீட்டிப் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

கிட்டி வைப்பவர் கூட வந்தால், பொறியைவிட அவர் வளையைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் இந்தப் பொறி தஞ்சாவூர்ப் பகுதிக்கே பெயர்பெற்றது. எந்த வளையில் புதுமண் தள்ளியிருக்கிறது, எலி எந்தப் பக்கம் ஓடும், எங்கே வெட்டிய தண்டு கிடக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்வதை ஒருவர் குறிப்பெடுக்கட்டும்.

வருடம் நிரம்ப வேறு என்ன

ஜூன் 12 மேட்டூர் திறப்பு நாள் என்பது வழக்கம். தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். கடைமடைக்கு வர இன்னும் பல நாள். அந்த வாரத்தில் கல்லணைக்குப் போய் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கும் பிரியும் இடத்தைக் காட்டுங்கள். 1836-இல் கட்டிய முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் உடைந்தன. அதையும் அன்றே பேசலாம்.

மழைக்காலத்துக்குப் புழுங்கலரிசி நல்ல தலைப்பு. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து இறுகுவதால் அரைக்கும்போது நொய் குறைகிறது. பச்சரிசியையும் புழுங்கலையும் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு கணிதப் புதிரைப் போட்டுப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடுவூர் ஏரியில் பறவைகள். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். கோடியக்கரை 2002-இலேயே அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தரங்கம்பாடிக்கும் ஒரு நாள் போகலாம். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான மருத்துவர் கோனிக் 1768-இல் அங்கே வந்திறங்கினார். நம் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருக்கும் ‘கோனிகி’ அவர்தான்.

கொள்ளிடம் தாண்டி ஒரு முழுநாள் ஒதுக்கினால், காரையில் கடல் இருந்ததற்கான அம்மோனைட் படிவங்களையும், சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரத்தையும் பார்க்கலாம். பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஒரு துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது. படிவம் எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதில்தான் அதன் சேதி இருக்கிறது. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்காதீர்கள்

ஆறு: எந்த வெளிநடையிலும் குளியல் கிடையாது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. மதகு திறந்தால் நீர் சட்டென்று ஏறும். படகில் போகும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மிதவை உடுப்பு இல்லாமல் யாரும் ஏற வேண்டாம். அங்கும் கோடியக்கரையிலும் வனத்துறை அனுமதியை முன்னதாகவே வாங்குங்கள்.

பாம்பு: வயல் எலி இருக்கும் இடத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். இரவில் டார்ச் இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. கடித்துவிட்டால்:

1. கடிபட்டவரை உட்கார வைத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க விடாதீர்கள்.
2. மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றுங்கள். வீக்கம் வரும்.
3. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் கம்பு வைத்துக் காலையோ கையையோ அசையாமல் கட்டுங்கள். இறுக்கிக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது.
4. 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடி அடிக்கவோ பிடிக்கவோ போக வேண்டாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது.

மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது என்பதைப் புறப்படும் முந்தைய நாளே விசாரித்து, எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இடி: டெல்டா சமவெளி, மறைவு குறைவு. இடிச் சத்தம் கேட்ட உடனே வயலிலிருந்து வெளியேறி வேனுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். தென்னை, பனையின் அடியில் ஒதுங்கக் கூடாது.

காயம்: காலில் வெடிப்போ புண்ணோ இருப்பவர் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

சூரியன்: 2027 ஆகஸ்ட் 2 மாலை பகுதிச் சூரிய கிரகணம் வருகிறது. தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி இல்லாமல் யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், வெல்டிங் பட்டறையில் கிடைத்த ஏதோ ஒரு கண்ணாடி எதுவும் வேண்டாம். அட்டையில் ஊசித்துளை போட்டுச் சுவரில் விழும் பிம்பத்தைப் பார்ப்பது எல்லாருக்கும் பாதுகாப்பான வழி.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

முதல் கூட்டத்துக்கே 200 பேரை எதிர்பார்ப்பது. 15 பேர் வந்தால் நல்ல கூட்டம். எல்லாருக்கும் பேச நேரம் கிடைக்கும்.

சொற்பொழிவாளரைக் கூப்பிடுவது. மேடைப் பேச்சில் கைதட்டல் வாங்கப் பழகியவர் கேள்விக்கு இடம் விடமாட்டார். தயங்கித் தயங்கிப் பேசினாலும் தன் கையால் அந்த வேலையைச் செய்தவரே மேல்.

வெளிநடையில் கழிப்பறையை மறப்பது. வழியில் எங்கே நிறுத்தலாம் என்பதை முன்பே பார்த்து, பயண அறிவிப்பிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

சுனாமி, கஜா புயல் பற்றிப் பேசும்போது அவற்றில் உறவையோ தென்னந்தோப்பையோ இழந்தவர் எதிரில் உட்கார்ந்திருப்பதை மறப்பது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இது கட்டாயம் நேரும். அவர்கள் பேச விரும்பினால் முதலில் பேசட்டும். வரைபடம் பிறகு வரட்டும்.

ஆள் குறைந்ததும் ஒரு மாதம் தள்ளிப்போடுவது. தள்ளிப்போட்ட கூட்டம் பெரும்பாலும் திரும்ப நடக்காது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்தால் மழையானாலும் ஐந்து பேரானாலும் அன்றைக்கே நடத்துங்கள்.

ஒரு நோட்டு, ஒரு குழாய், நான்கு லென்ஸ், நூலகரிடம் ஓர் அனுமதி. இவை கையில் இருந்தால் இந்த மாதமே தேதியைக் குறித்து, முதல் பேச்சாளரை நாளைக்கே நேரில் போய்ப் பாருங்கள்.